எப்பவும் அஞ்சரைதான்

பஸ் பொட்டல்புதூர் தாண்டும்வரைக்கும் ஆவுடைச்செல்விக்கு ஒரு கவலையும் கிடையாது. ஜன்னலோர சீட் கிடைத்திருந்தது, ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே மதி மடியில் தூங்கிவிட்டாள், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம் பைக்குள்ளிருந்து கதகதவென்று காலில் உரசிக்கொண்டு வந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து தென்காசிக்கு ஐம்பது நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை. இந்த ஐம்பது நிமிஷத்தில் யாருக்கும் சோறு போடவேண்டாம், யாருக்கும் கால் கழுவிவிடவேண்டாம், கம்ப்யூட்டரைத் திறக்கவேண்டாம். பத்து மாசப் பிள்ளையைப் பெற்றவளுக்கு இது ஒரு வாரத்து லீவுக்குச் சமம். மலை பக்கத்தில் வருவதும் விலகுவதுமாக ஓடிவந்தது. பிள்ளையின் பின்னந்தலை வேர்வை சேலையை நனைத்து, அந்த ஈரம் தொடையில் சில்லென்று இறங்கியது. பக்கத்து சீட்டில் பூ போட்ட சேலை கட்டின ஒரு அக்கா, ஏறினதும் தானே பேர் சொன்னாள், செல்லக்கனியாம், போனை முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு மகனோடு பேசினாள். பஸ் முழுக்கக் கேட்டது. மகன் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ், பேர் மாரிச்செல்வம், நைட் டூட்டி, தலை கலைந்திருக்கிறது, மெலிந்துவிட்டான். இவ்வளவும் டிரைவருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. "ஏல, இன்னும் ஒண்ணும் திங்கலியா? மணி பத்தாவப் போவுது." "எம்மா, இங்க மணி அஞ்சு இருவதும்மா." "யாரை ஏமாத்துத? நாலு இருவதுல்லா இருக்கணும். ஆறு வருசமா கணக்கு வச்சிருக்கேன்ல நான்." "இன்னைக்கித்தாம்மா மாத்துனாங்க. ராத்திரி ஒரு மணி அடிச்ச உடனே அதை ரெண்டு ஆக்கிட்டாங்க. டூட்டியில ஒரு மணி நேரம் அப்படியே காணாமப் போச்சு, ஜாலி." "அட, ஆமாமா. பங்குனி பாதியில மாத்துவானுவன்னு சொன்னேல்லா. மழைக்காலத்துல அஞ்சரை மணி வித்தியாசம், வெயிலுக்கு நாலரை. செரி செரி, நீ போயி தின்னு." ஆவுடை சிரித்துக்கொண்டாள். ஒரு ஊரே சேர்ந்து மணியைத் திருகுகிறதாம், அதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறதாம். பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கினாள். வெயிலுக்கு நாலரை. கை பிள்ளையின் நெற்றியிலேயே நின்றுவிட்டது. நாலரை.

நாலரை இல்லை, அஞ்சரை. எப்பவும் அஞ்சரைதான். இந்த வார்த்தையை அவளே சொன்னாள், தன் வாயால் சொன்னாள், கார்த்திகை மாசம், பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்த முதல் வாரம், அரிசிக்கடை மாடியில் இருக்கிற அவர்கள் ஆபீசில், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்த ஒரு மத்தியானம். ஜெயசிங் சார் தலையை மட்டும் எட்டிப்பார்த்துக் கேட்டார், "ஆவுடை, இங்கிலாந்து மாத்திரைப் பெட்டி திறக்குத நேரத்துக் கணக்கை எப்படி வச்சிருக்கே?" "நம்ம மணியில இருந்து அஞ்சரையைக் கழிச்சா அவங்க மணி சார். அவங்க மணியோட அஞ்சரையைக் கூட்டுனா நம்ம மணி." "எப்பவுமே அஞ்சரைதானே?" "எப்பவும் அஞ்சரைதான் சார்." சார் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் ஆட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? பிறந்ததிலிருந்து ஒரே மணி. குமரியிலிருந்து காஷ்மீர்வரை ஒரே மணி, சித்திரைக்கும் அதே மணி, மார்கழிக்கும் அதே மணி, சூரியன் முன்னப்பின்ன வந்தால் அது சூரியன் பாடு. கடிகாரத்தை ஒரு ராஜ்ஜியமே எழுந்து நின்று திருகும் என்று யாருக்குத் தோன்றும்? தோன்றியிருக்க வேண்டும். படித்திருக்கிறாளே. கல்லூரியில் ஒரு வாத்தியார் சொன்னதுகூட லேசாக நினைவு வருகிறது, பனிக்காலம், கோடைக்காலம், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏதோ ஒரு நேர அட்டவணை, ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு ஊர்ப்பேர் கொடுத்தால் மணி மாறுகிறதை அந்த அட்டவணை தானே பார்த்துக்கொள்ளும் என்று. ஒரு பேர். ஒரே ஒரு வரி. அஞ்சரை என்று எண்ணைப் போட்ட இடத்தில் அந்த ஊர்ப்பேரைப் போட்டிருந்தால் போதும். போடவில்லை. கார்த்திகையில் சரியாக இருந்தது. மார்கழியில், தையில், மாசியில் ஒரு நிமிஷம் பிசகவில்லை. இங்கிலாந்துக் கம்பெனிக்காரன் பாராட்டி எழுதினான், சார் எல்லாருக்கும் அல்வா வாங்கிக்கொடுத்தார். தப்பு அத்தனை மாசமும் அதற்குள்ளேயே உட்கார்ந்து அல்வா தின்றிருக்கிறது. ஒருவேளை இன்று மாற்றவில்லையோ. அந்தப் பையன் அம்மாவிடம் விளையாடுகிறானோ. இல்லை, போனில் பார்க்கலாமே, ஒரு கையால் போனை எடுத்தாள், லண்டன் மணி என்று தட்டினாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கடையம் வருகிறவரை சுற்றியது, பிறகு காட்டியது. ஐந்து இருபத்தேழு. இங்கே ஒன்பது ஐம்பத்தேழு. கழித்துப் பார்த்தாள். விரல் விட்டும் பார்த்தாள். நாலரை.

அப்படியென்றால் முன்னாலேயா, பின்னாலேயா? இதுதான் பிடிபடவில்லை. நேரம் வந்ததும் தானே பூட்டு விலகுகிற அந்த மாத்திரைப் பெட்டி சீக்கிரம் திறக்குமா, தாமதமாகத் திறக்குமா? அவர்கள் மணி ஒன்று கூடிவிட்டது, கூடினால் சீக்கிரம், இல்லை, கூடினது அவர்களுக்கு, நமக்கு இல்லை, நம் சர்வர் நம் மணியில்தான் ஓடுகிறது, அப்படியென்றால் நாம் அப்படியே நிற்கிறோம், அவர்கள் முன்னால் போய்விட்டார்கள், நாம் பின்னால். பின்னால் என்றால் தாமதம். இல்லை, மறுபடியும். ஆறு மணி மாத்திரை. ஆறோடு அஞ்சரை, பதினொன்றரை. சர்வர் நம் பதினொன்றரைக்கு "திற" என்று சொல்லும். நம் பதினொன்றரை இன்று அவர்களுக்கு என்ன? நாலரையைக் கழி. ஏழு. ஆறு மணிக்குத் திறக்கவேண்டிய பெட்டி ஏழு மணிக்குத் திறக்கும். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம்தானே என்று ஒரு மனசு சொன்னது, அது நல்ல மனசு, சாயங்காலம் குழம்பு தீய்ந்தாலும் சமாளிக்கிற மனசு. ஒரு மணி நேரம் லேட்டாக மாத்திரை போட்டால் என்ன, நம் ஊரில் யார் நேரத்துக்குப் போடுகிறார்கள், அப்பா பிரஷர் மாத்திரையை மத்தியானச் சோற்றுக்கு அப்புறம்தான் தேடுவார். ஆனால் அது பிரஷர் மாத்திரை இல்லை. நடுக்குவாதத்துக்கான மாத்திரை. பார்க்கின்சன் என்று பெட்டியின் அடியிலேயே எழுதியிருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், அநேகமாகத் தனியாக இருக்கிற கிழவர்கள், கிழவிகள். அந்த மாத்திரை நேரம் தப்பினால் உடம்பு நின்றுவிடும். வலிக்காதாம், மயங்காதாம். நின்றுவிடுமாம். இதை அவளுக்குச் சொன்னவர் ஹார்க்கர்.

வில்ஃப்ரெட் ஹார்க்கர். இருநூற்றுப் பன்னிரண்டில் அவளுக்குக் குரல் தெரிந்தது அவர் ஒருவர்தான். தை மாசம், போன் எடுக்கிற பையன் லீவு என்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், அவளுக்கு இங்கிலீஷ் பேச வராது, எட்டாங்கிளாஸ்வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷையும் தமிழில்தான் படித்தாள். அவர் பேசினது முதலில் ஒன்றுமே விளங்கவில்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மெலிந்த, கலங்கின குரல். மூன்று தடவை "மறுபடி சொல்லுங்கள்" என்றாள். அவர் கோபப்படவில்லை. "நீ மெதுவாகக் கேள், நான் எப்படியும் மெதுவாகத்தான் பேசப்போகிறேன்" என்றார். பெட்டியின் மணிச்சத்தம் பக்கத்து வீட்டு நாயை எழுப்புகிறதாம், குறைக்க முடியுமா. குறைத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் வைக்கவில்லை. கப்பல் கட்டுகிற பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாராம். மகள் தூரத்தில் இருக்கிறாளாம். ஒருநாள் மறதியில் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிட்டு ஆட்டம் கண்டுபோனாராம், அதனால்தான் மகள் இந்தப் பூட்டுப்பெட்டிக்குச் சொன்னாளாம். "பூட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலை ஆறு மணிக்கு அது திறக்கிறது, ஆறரைக்கு என் கால்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார், சிரிப்பு மட்டும் திருத்தமாகக் கேட்டது. பூட்டு. ஆறு மணிக்கு அவர் எழுந்து வருவார். எப்படி வருவார்? ராத்திரி மாத்திரையின் வேகம் தீர்ந்துபோயிருக்கும், சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, பெட்டி திறந்திருக்கும் என்ற தைரியத்தில் வருவார். பெட்டியின் நெற்றியில் மணி எரியும். அந்த மணி அவள் கணக்கில் வருவது இல்லை, அது போன் டவரிலிருந்து நேரே வருகிறது, அதனால் சரியாக எரியும், ஆறு என்று பச்சையாக எரியும். மூடி திறக்காது. ஆறு ஒன்று. திறக்காது. தான்தான் எதையோ மறந்துவிட்டோம் என்று நினைப்பார். மறதிக்காரர் வேறு யாரைச் சந்தேகப்படுவார்? ஒருவேளை போட்டுவிட்டோமோ, போட்டதை மறந்துவிட்டோமோ என்று நினைப்பார். அந்த நினைப்போடு திரும்புவார். திரும்புகிறபோது கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் போகும். வேண்டாம். ஆவுடை தலையை உதறினாள். பிள்ளை அசைந்து, உதட்டைச் சப்பி, மறுபடி தூங்கியது. கீழே விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று மனசு கேட்டது. கேட்காதே என்றாள். ஆபீசுக்குக் கீழே கடையில் அரிசிமூட்டையை இறக்கிப் போடுவது மாதிரி இருக்கும் என்று மனசு தானே பதிலும் சொன்னது.

பத்து மணி நாலு நிமிஷம். இன்னும் இருபத்தாறு நிமிஷத்தில் அங்கே ஆறு அடிக்கும். ஆபீஸ் வெப்சைட் பக்கத்தில் "உடனே திற" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒரு அழுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பூட்டும் விலகிவிடும். ஆனால் அந்தப் பக்கம் கம்பெனி லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும், லேப்டாப் தென்காசியில் வீட்டு அலமாரியில், சாவி அவள் இடுப்பில், வீட்டுக்காரர் சுடலைமுத்து கொல்லத்துக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார். ஜெயசிங் சாரிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதாம். மறுபடி கூப்பிட்டாள். அதே பொம்பளை அதே குரலில் அதையே சொன்னாள். ஐயோ, இன்று குருத்தோலை ஞாயிறு. சார் கோவிலுக்குப் போனால் போனை அணைத்து வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிற மனுஷன், சர்ச்சில் போன் அடிக்கிறவர்களை வெளியே வைத்துத் திட்டுகிறவர். ஆபீசில் மற்ற இருவருக்கும் அடித்தாள். ஒருவன் எடுக்கவில்லை, ஒருவன் எடுத்து "அக்கா, நான் கோயம்புத்தூர்ல ஒரு கல்யாணத்துல நிக்கேன், லேப்டாப் ஊர்ல" என்றான், மேளச்சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை, "நாளைக்குப் பாப்போம்க்கா" என்று வைத்துவிட்டான். நாளைக்கு. மாதாபுரம் தாண்டி ஒரு வேதக்கோவில் முன்னால் பஸ் நின்றுவிட்டது. பவனி. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், கையில் குருத்தோலை, பாட்டு, ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற நீளம் தீரவே இல்லை. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு கைகட்டி உட்கார்ந்தார். மரியாதை. ஆவுடைக்கும் சாமி என்றால் பயம் உண்டு, யார் சாமி ஆனாலும். ஆனால் இப்போது அவளுக்கு அந்தக் கடைசிப் பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு வரவேண்டும் போலிருந்தது. பத்து ஒன்பது. பத்து பத்து. ஆழ்வார்குறிச்சி வீட்டில் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் கூட்டித்தான் வைத்திருக்கும், அம்மா வைத்தது, பஸ்ஸுக்குப் பிந்தக்கூடாது என்று. எல்லாருக்கும் தெரியும் பத்து நிமிஷம் கூட இருக்கிறது என்று, தெரிந்து மனசுக்குள் கழித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பி, சரியாகப் பிந்திப்போவார்கள். மதி பிறந்தபோது பிரசவ அறைக் கடிகாரம் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ வைத்ததோ யாருக்குத் தெரியும், நர்சம்மா பதினொன்று ஐம்பத்தெட்டு என்று எழுதினாள், மாமியார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு மூன்று என்றாள், ராத்திரி என்பதால் ஒரு தேதியே மாறிப்போனது, மூன்று மாசம் சண்டை, கடைசியில் ஜாதகம் இரண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது எவ்வளவு சிரித்தாள். மணி என்பது மனுஷன் எழுதி வைக்கிறதுதானே, எப்படி எழுதினால் என்ன, பிள்ளை பிள்ளைதானே என்று சொல்லிச் சிரித்தாள். அதே வாய். மணி மனுஷன் எழுதுகிறதுதான். எழுதின மனுஷி இவள். பிள்ளையின் மூச்சு உள்ளங்கையில் பட்டது, உள்ளே, வெளியே, உள்ளே. ஒரு மூச்சு தாமதமானால் என்ன ஆகும் என்று எண்ணத் தொடங்கி, தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

"என்ன பிள்ளை, மொகம் வெளுத்துப் போச்சு? வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்கியா?" செல்லக்கனி அக்கா பையைத் துழாவினாள். "இல்லக்கா. அக்கா, வெயிலுக்கு நாலரைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" "யாரு சொல்லணும்? மொத வருசம் ஒரு நாளு வழக்கம்போல ஒம்பது மணிக்கு அடிச்சேன், டூட்டியில நிக்கேன்னு வள்ளுன்னு விழுந்தான். ஏன் மாறிச்சுன்னு கேட்டேன், மாட்டுப்பொங்கப் படம் போட்ட காலண்டர்ல எழுதி வச்சேன். நீ என்ன வேல பாக்க?" "கம்ப்யூட்டர்ல, மணிக் கணக்கு எழுதுத வேலக்கா." "அப்ப உனக்குத்தான நல்லாத் தெரிஞ்சிருக்கும்!" என்று அக்கா ஒரு கள்ளமும் இல்லாமல் சிரித்தாள். ஆவுடையும் சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒரு பக்கமாகப் போனது. எழுதி வைத்தேன். இவள் எழுதி வைத்திருக்கிறாள். கோடிக்கணக்கான வரி கம்ப்யூட்டர் கோடு எழுதின உலகத்தில் இந்த அக்கா ஒரு காலண்டர் தாளில் ஒரே வரியாக எழுதி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். உங்கள் மகனிடம் கேட்டு அந்த ஊரில் யாரையாவது அனுப்பச் சொல்லுங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. எந்த ஊரில்? ஹார்க்கரின் ஊர்ப்பேரே அவளுக்குத் தெரியாது, நம்பரும் அந்தப் பக்கத்துக்குள்தான் இருக்கிறது. பவனி கடந்துபோனது. ஒரு பையன் கடைசியாக ஓலையை ஆட்டிக்கொண்டே ஓடினான். இஞ்சின் ஒரு இருமலோடு பிடித்தது. மத்தளம்பாறை வந்தபோது பத்து இருபத்தொன்று. அவர் எழுந்திருப்பார். இப்போது போர்வையை விலக்கியிருப்பார். சாரிடம் என்ன சொல்வது, வேலை போகும், போகட்டும், வேலை போவது ஒரு பயமே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. பயம் வேறு மாதிரி இருக்கிறது. பயத்துக்குள் ஒரு வீட்டு நடை இருக்கிறது, கம்பளி விரித்த நடை, அதில் ஒரு கிழவர் செருப்பு உரச வருகிறார். பத்து இருபத்தாறு. இருபத்தேழு. பத்தரை ஆனபோது பஸ் இன்னும் ஊருக்குள் நுழையவில்லை, ஒரு லாரி பின்னால் ஊர்ந்தது. ஆவுடை கண்ணை மூடினாள். பத்தரைக்கு உலகத்தில் எதுவும் ஆகவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். யாரோ ஜன்னல் வழியாகத் துப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் புளியோதரைப் பையை விட்டுவிட்டு இறங்கினாள். "ஏ பிள்ள, பையி!" என்று அக்கா கத்தினது கேட்டது, திரும்பவில்லை. ஆட்டோ. பிள்ளை விழித்துக்கொண்டு, வெயில் கண்ணில் பட்டு, வாயைப் பெரிசாகத் திறந்து அழுதது. "அழாத அழாத, அம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன், போயி திருத்திட்டு வந்துருவோம், அழாத" என்று அதன் காதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள், ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டுப் பூட்டைத் திறந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே அலமாரி, லேப்டாப், தரையில் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து. கறுப்புத் திரை. ஏதோ ஒரு வட்டம் சுற்றியது. அவள் வாழ்க்கையில் வட்டங்கள் சுற்றுவதைப் பார்த்தே பாதி வயசு போயிருக்கிறது, இது மாதிரி ஒரு வட்டம் சுற்றினதில்லை. பாஸ்வேர்ட் தப்பு. பாஸ்வேர்ட் சரி. பக்கம் திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வரி, எல்லாம் சாம்பல் நிறம், எல்லாவற்றுக்கும் எதிரே "11.30க்குத் திறக்கும்" என்று அடக்கமாக, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, நல்ல பிள்ளையாக எழுதியிருந்தது. உடனே திற. உறுதியா என்று கேட்டது. உறுதி. மணி பத்து நாற்பத்தாறு. அவர்களுக்கு ஆறு பதினாறு. வரிகள் மேலிருந்து கீழாகச் சிவப்பாக மாறின. சிவப்பு என்றால் திறந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் பச்சை. ஒன்று பச்சையானது. யார் செய்த புண்ணியமோ. மூன்று, ஐந்து, அங்கங்கே மழைக்கு முளைக்கிற மாதிரி பச்சை. முப்பது. அறுபது. ஹார்க்கர் சிவப்பு. தூங்குகிறாராக இருக்கும். இன்று ஞாயிறு, அசந்திருப்பார். அவருக்கு ஞாயிறு ஏது? ஆறுக்கு எழுகிறவர் ஆறுக்குத்தான் எழுவார். தொண்ணூறு பச்சை. ஹார்க்கர் சிவப்பு. அவர் பேரைத் தட்டினாள், நம்பர் வந்தது, லேப்டாப்பிலிருந்தே அழைக்கிற வசதி இருக்கிறது, தலையில் மாட்டுகிற மைக்கைத் தேட நேரமில்லை, அழுத்தினாள். மணி போனது. போனது. போனது. போனது. எடுத்தது.

ஆள் இருந்தது. மூச்சு இருந்தது, பக்கத்திலேயே, கழுத்தில் தொங்கவிடுகிற போனாக இருக்கவேண்டும். "மிஸ்டர் ஹார்க்கர்? நான் பெட்டிக் கம்பெனியிலிருந்து பேசுகிறேன். ஆவுடை. நாய்க்காகச் சத்தம் குறைத்தேனே." மூச்சு. பிறகு, தூரத்து ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடுகிற மாதிரி, "ஆங், நீயா" என்றார். "விழுந்துவிட்டீர்களா?" "இல்லை. நிற்கிறேன்." "எங்கே?" "அடுப்படியில். திரும்பினேன். திரும்பினதோடு சரி." "பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" "கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை" என்றார். அவள் பார்த்தே இராத அந்த அடுப்படியின் நடுவில், எதையும் பிடிக்காமல், பதினாறு நிமிஷமாக, இருபது நிமிஷமாக நின்றுகொண்டிருக்கிறார். நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "பெட்டி இப்போது திறந்துவிட்டது. தப்பு உங்களுடையது இல்லை. நீங்கள் எதையும் மறக்கவில்லை. மணிக் கணக்கை நான் தப்பாக எழுதிவிட்டேன், நான்தான்." இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது. "அது அப்புறம்" என்றார் அவர். "இப்போது எண்ணு." "என்ன?" "எண்ணு பிள்ளை. சத்தமாக. ஒரே சீராக. யாராவது எண்ணினால் கால் அதைக் கேட்கும். என் பேச்சைத்தான் கேட்காது." "எத்தனை வரைக்கும்?" "பெட்டிக்கு எட்டு அடி. நல்ல நாளில் நாலு." ஆவுடை வாயைத் திறந்தாள், இங்கிலீஷ் போய்விட்டது, ஒன்றுக்கு இங்கிலீஷில் என்ன என்றுகூட வரவில்லை. "ஒண்ணு" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்ணு" என்றாள், இன்னும் சத்தமாக, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தது. ஏதோ தரையில் உரசியது. "ரெண்டு." உரசியது. "மூணு." சீராக, சீராக, ஆட்டுரலில் மாவு தள்ளுகிற சீர், விடாதே. "நாலு." உரசியது. திரையில் வரிகள் பச்சையாகிக்கொண்டிருந்தன, கீழே சில சிவப்பு அப்படியே இருந்தது, அவற்றுக்குக் குரல் இல்லை, அவற்றைப் பார்க்காதே, அடுத்து அவற்றைத்தான் கூப்பிடவேண்டும், இப்போது பார்க்காதே. "அஞ்சு." உரசியது. "ஆறு." உரசியது, மூச்சு பெரிசாக வாங்கியது. "ஏழு."

ஏழுக்குச் சத்தம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். மூச்சு அங்கே இருந்தது, மேலும் கீழும் ஆடுகிற மூச்சு. எட்டு என்று சொன்னால் ஏழாவது அடி இல்லாமலே எட்டாவதை எடுத்துவைத்து முகம் குப்புற விழுந்துவிடுவாரோ, சொல்லாமல் இருந்தால் சீர் அறுந்துவிடுமோ. முன்னாலேயா, பின்னாலேயா? "ஏழு" என்றாள். ஒன்றும் இல்லை. குரல் நடுங்கினால் அவர் கால் நடுங்கும் என்று தோன்றியது, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சிலிருந்த பயத்தையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்து, மணி ஆகிவிட்டது என்று அவசரப்படாத ஒரு குரலில், இந்த ஒரு எண்ணைத் தவிர உலகத்தில் வேறு எண்ணே இல்லை என்பதுபோல மூன்றாம் தடவை சொன்னாள்.

"ஏழு."

நீளமாக, இழுத்துக்கொண்டே, செருப்பு தரையில் உரசியது.

"எட்டு" என்றாள்.